கிராமி வாங்கிய அதிபர்கள்: எந்த ஒலிநூலை வாங்கலாம்?
அமெரிக்க அதிபர்கள் கிராமி என்ற இசை விருதை வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னால், பாடினார்களா என்றுதான் இங்கே முதலில் கேட்கிறார்கள். பாடவில்லை, பெரும்பாலும் தங்கள் புத்தகத்தைத் தாங்களே வாசித்தார்கள். பேச்சுப் பதிவுக்கென்று அந்த விருதில் தனிப் பிரிவு உண்டு. பில் கிளிண்டன் 2005இல் வாங்கினார், ஒபாமா 2006இலும் 2008இலும், ஜிம்மி கார்டர் 2007, 2016, 2019 என்று மூன்று முறை, அப்புறம் 100 வயதில் காலமான பிறகு 2025இல் இன்னொன்று. பதவியைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். 2022இல் ஒபாமாவின் 'எ ப்ராமிஸ்டு லேண்ட்' போட்டியில் இருந்தும் நடிகர் டான் சீடல் வாசித்த பதிவுதான் ஜெயித்தது.

இவற்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கார்டருக்கு 2016இல் விருது வாங்கித் தந்த 'எ ஃபுல் லைஃப்' வாங்குங்கள். தொண்ணூறு வயதுக் குரல், நிதானமாக, ஜார்ஜியா மாநிலத்து இழுவையோடு வருகிறது. ஆர்ச்சரி என்ற சின்ன ஊரில் வளர்ந்தது, சிறுவனாக அவித்த கடலை விற்றது எல்லாம் வருகிறது. 1953இல் அப்பா இறந்ததும் கடற்படை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்ப முடிவெடுத்ததையும், மனைவி ரோஸலினை அதில் ஒரு வார்த்தை கேட்காததையும் அவரே சொல்லும் பகுதி இருக்கிறதே, அப்பா படுத்துவிட்டார் என்று வளைகுடா வேலையை உதறிவிட்டுக் கீழக்கரைக்கும் தொண்டிக்கும் வந்து சேர்ந்த எத்தனையோ பேர் வீட்டுக் கதை அது. வேறொருவர் வாசித்திருந்தால் இந்த அளவுக்குத் தைக்காது.

குறைகளும் உண்டு. புத்தகத்தில் அவர் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன, ஒலியில் அது போச்சு. அதிபராக இருந்த காலம் வேகமாக ஓடிவிடுகிறது.

ஒபாமாவின் குரல் இன்னும் தெளிவு, சந்தேகமே இல்லை. ஆனால் விருது பெற்ற அவருடைய இரண்டு பதிவுகளும் சுருக்கப்பட்டவை, ஆங்கிலம் பழகுவதற்காக அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பத்தி பத்தியாகக் காணாமல் போகும்.

ராமேஸ்வரம் பஸ்ஸில் கேட்பதாக இருந்தால் காதை நன்றாக அடைக்கும் இயர்போன் வேண்டும், பாம்பன் பாலத்துக் காற்றில் கார்டரின் தணிந்த குரல் நிற்காது. கேட்கும் வேகத்தைக் கூட்டாதீர்கள். கடலுக்குப் போகிறவர்கள் கரையிலேயே முழுசாக டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், கொஞ்ச தூரம் போனாலே டவர் கிடைக்காது.