பறவைப் படத்தை ஓவியமாக்க கிரிட்டா எந்த அளவுக்கு உதவும்?

வெண்மார்பு மீன்கொத்தியின் நல்ல புகைப்படம் ஒன்று கையில் இருக்கிறது, அதை டிஜிட்டல் ஓவியமாக்க வேண்டும், மாதச் சந்தா கட்ட விருப்பமில்லை என்பவர்களுக்கு முதலில் சொல்லவேண்டிய பெயர் கிரிட்டா. கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் அதன் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் விலைக்கு இருப்பதும் இதே மென்பொருள்தான்; அங்கே கொடுக்கும் பணம் அதன் வளர்ச்சிக்குப் போகிறது.

பலரும் முதலில் தொடுவது, படம் முழுவதையும் எண்ணெய் ஓவியம் போலத் தானாக மாற்றும் ஆயில் பெயின்ட் ஃபில்டரை. பறவைக்கு அது சரிவராது. பின்னணி இலைக்கும் மீன்கொத்தியின் அலகுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி கரைத்துவிடும். கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி படத்தில் நாலைந்து பிக்சல்தான் இருக்கும். அது போனால் பறவை பாடம் செய்து வைத்தது போலாகிவிடும். அதிக ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டி) எடுத்த படமென்றால் இரைச்சல் புள்ளிகளும் திட்டுத் திட்டாகப் பெருகும். ஃபில்டரைப் பின்னணி லேயரோடு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படலங்களில் ஒன்று) நிறுத்துங்கள். பறவையைக் கையால்தான் வரைய வேண்டும். கிரிட்டாவின் பலமும் அங்கேதான்.

ரா கோப்பை (கேமரா பதிந்த மூலக் கோப்பு) டார்க்டேபிள் என்ற புகைப்பட மென்பொருளில் இரைச்சல் நீக்கி, 16 பிட் டிஃப் படக்கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கிரிட்டாவில் ஏ4, 300 டிபிஐ, அதாவது 2480 × 3508 பிக்சல். 8 பிட்டில் முழுக்க நிரம்பிய லேயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 எம்பி நினைவகம் பிடிக்கும். 16 பிட் என்றால் இரட்டிப்பு. லேயர்கள் இருபதைத் தாண்டினால் 4 ஜிபி ரேம் உள்ள கணினி திணறும். வரைவதற்கு 8 பிட் போதும்.

புகைப்படம் அடி லேயர். அதன்மேல் ஒரு குரூப், குரூப்பின் அடியில் பறவையின் உருவத்தை ஒரே நிறத்தில் நிரப்பிய லேயர். அதற்கு மேல் வரும் லேயர்களில், லேயர் பட்டியலில் தெரியும் ஆல்ஃபா பட்டனை (Inherit Alpha) அழுத்தினால் தூரிகை உருவத்தைத் தாண்டி வழியாது. புதியவர்கள் தடுக்குவது இங்கேதான்: குரூப் போடாமல் ஆல்ஃபாவை அழுத்தினால் அடியிலிருக்கும் புகைப்படம் கேன்வாஸ் முழுக்க நிறைந்திருப்பதால் எதுவும் வெட்டுப்படாது. பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

நிறம் எடுக்க கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் போதும். ஆனால் புகைப்பட லேயரை மங்கலாக்கி வைத்திருந்தால் எடுக்கிற நிறமும் வெளிறிப்போகும். மங்கலாக்காதீர்கள், குரூப்பை மறைத்துவிட்டு எடுங்கள். நிறம் எடுக்கும் கருவியான கலர் சாம்ப்ளரில் ரேடியஸை 5 ஆக்கினால் ஒற்றைப் பிக்சலின் இரைச்சல் ஏமாற்றாது. மீன்கொத்தியின் நீலம் சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. எனவே ஒரே நீலத்தை அப்பினால் பிளாஸ்டிக் போலிருக்கும். சிறகிலும் முதுகிலும் வாலிலும் தனித்தனியாக நாலைந்து நீலங்களை எடுத்து வையுங்கள்.

இறகுகளை வால் பக்கத்திலிருந்து தலையை நோக்கி வரையுங்கள். ஓடு வேய்பவர் கீழ் வரிசையில் தொடங்கி மேலே ஏறுவது போலத்தான்: முன்னிறகு பின்னிறகின் மேல் படிய வேண்டும். கலப்பதற்குக் கலர் ஸ்மட்ஜ் வகைத் தூரிகைகள் அருமை. நிறத்தை இழுப்பதும் குழைப்பதும் கையில் ஈரச்சாயம் இருப்பது போலவே வரும். இறகின் நீளவாக்கில் மட்டும் இழுங்கள், குறுக்கே இழுத்தால் இழைகள் அழிந்து பஞ்சாகிவிடும். ஒளிப்புள்ளி கடைசியில், தனி லேயரில்.

குறைகளும் உண்டு. விண்டோஸில் சில பேனா டேப்லெட்களுக்கு அழுத்தம் பதியாது. அமைப்புகளில் டேப்லெட் பகுதிக்குப் போய் பேனாவின் அழுத்தத்தைப் படிக்கும் இரு வழிகளான வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டையும் மாற்றிப் பார்த்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். ஐபேடுக்குக் கிரிட்டா இல்லை. ஆண்ட்ராய்டு வடிவம் பெரிய திரையுள்ள டேப்லெட்டுக்கானது, ஃபோனில் நம்பி இறங்க வேண்டாம்.

அச்சுக்குக் கொடுப்பதானால் அச்சகத்தாரிடம் அவர்களது வண்ணப் புரொஃபைலைக் (அவர்கள் அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, கிரிட்டாவில் அதைத் தேர்ந்து, கன்ட்ரோல் ஒய் அழுத்திப் பாருங்கள். திரையில் பளிச்சிடும் அந்த நீலம் காகிதத்தில் எவ்வளவு மங்கும் என்று அங்கேயே தெரியும். நீலத்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது. பக்கத்திலுள்ள தலையின் செம்பழுப்பையும் பின்னணியையும் ஒரு படி அடக்கினால் நீலம் மேலெழும்.