எட்டு வயதும் எழுபது வயதும் ஒரே வரிசையில்: குன்னூர்ப் பங்கு ஒன்றின் பாடகர் தேர்வு

குன்னூர் அருகே ஒரு கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சபையில், பாடகர் குழுவுக்கு ஜூன் மாதம் ஆள் எடுக்கிறார்கள். எட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு இல்லை. முதல் பாராட்டு அந்த மாதத்துக்கே. பல பங்குகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் நெருங்கும்போதுதான் விழித்துக்கொள்கின்றன. இந்தப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மண் சரியும், பஸ் நிற்கும், ஒத்திகைக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஜூனில் தொடங்கினால் அடிப்படைப் பயிற்சி அதற்குள் முடிந்துவிடும்.

திருப்பலி முடிவில் அறிவித்ததோடு நிற்காமல் அன்பியக் கூட்டங்களுக்கும் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழுக்கள்) போய்க் கேட்டிருக்கிறார்கள். அறிவிப்பைக் கேட்டு வருபவர்கள் ஏற்கெனவே மைக் பிடித்துப் பழகியவர்கள். எஸ்டேட் லைனில் வேலைக்கு நடுவே அழகாகப் பாடும் பெண், "நீங்க வாங்கக்கா" என்று யாராவது வீட்டுக்கே போய்ச் சொன்னால்தான் வருவார்.

தேர்வு ஆளுக்கு ஐந்து நிமிடம். தெரிந்த பாட்டைத் தனியாகப் பாடச் சொல்வதில்லை. அது துணிச்சலைத்தான் காட்டும், குரலைக் காட்டாது. கீபோர்டில் ஐந்து சுரம் ஏறி இறங்கும் வரிசையை அரைச் சுரம் அரைச் சுரமாக உயர்த்துகிறார்கள். வந்தவர் 'ஆ' என்று பின்தொடர்கிறார். எங்கே தொண்டை இறுகுகிறது, கீழே எங்கே காற்று மட்டும் வருகிறது என்று குறித்துக்கொண்டு சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) என்று பிரிக்கிறார்கள். பிறகு கைதட்டித் தாளம், கடைசியில் ஒரு திருப்பாடல் வாசிப்பு. திருப்பலியில் வாசகத்துக்குப் பிறகு பாடும் பதிலுரைப் பாடலுக்கு ழகர, ளகரம் சுத்தமாக இருக்க வேண்டுமே! நல்ல முறை. ஆனால் ஆல்டோ என்றால் உச்சம் எட்டாதவர்களை ஒதுக்கும் இடமல்ல என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இரண்டு பெண்கள் முகம் சுருங்கித்தான் போனார்கள்.

குறை பையன்கள் விஷயத்தில். பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள் குரல் உடையும்; பாடக்கூடிய சுரங்கள் ஐந்தாறாகச் சுருங்கும். அப்படி வந்தவர்களை "அடுத்த வருஷம் வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வயதில் போன பையன் திரும்புவது அபூர்வம். ஜால்ராவோ தம்புரினோ கையில் கொடுத்து, எட்டுகிற நான்கு சுரத்தில் கீழ்க்குரல் பாட வைத்தால் இரண்டு வருடத்தில் நல்ல டெனரோ பேஸோ தேறுவான். தமிழ்நாட்டுப் பங்குகளில் ஆண்குரல் பஞ்சத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

முதியவர்களைச் சரியாகப் பயன்படுத்துகிறார்கள். மூச்சு குறையும் என்பதால் நீண்ட வரியில் இருவர் வேறு வேறு இடத்தில் மூச்சு வாங்கப் பழக்குகிறார்கள். பாட்டுத்தாள் பெரிய எழுத்தில் இருக்கிறது. மாடிப்படி ஏறாமல் பீடத்துக்குப் பக்கவாட்டில் கீழேயே இடம். 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பாடகர் குழுவில் பெண்கள் கூடாது என்றார். 1967-இல் வந்த திருவழிபாட்டு இசை பற்றிய உரோமை அறிவுறுத்தல் ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுவை ஏற்றது. அந்த இரண்டாவது வழி இங்கே முழுதாகவே நடைமுறையில் இருக்கிறது.

எல்லா வயதும் சேரும்போது சுருதிதான் தலைவலி. ஒற்றை ஆண்குரலுக்கு வைத்த சுருதியில் குழந்தைகள் முனகுவார்கள், ஏற்றினால் மக்கள் வாயை மூடிக்கொள்வார்கள். உச்சச் சுரம் கீபோர்டின் மேல் டி-யைத் தாண்டாதபடி ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதியைத் தாளின் மூலையில் எழுதி வைத்திருப்பது புத்திசாலித்தனம். அப்படியும் காணிக்கைப் பாடலுக்கு மாற்றிய டிரான்ஸ்போஸை (கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) யாரும் திருப்பி வைக்காமல், அடுத்து வந்த 'தூயவர்' பாடல் மூன்று கட்டை மேலே போய்ப் பாதியில் நின்றது. ஒரு பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதை ஒருவர் பொறுப்பில் விட வேண்டும்.

ஒத்திகை ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு ஒரு மணி நேரம். அதை மாலைக்கு மாற்றும் பேச்சு இருக்கிறது, மாற்றக்கூடாது. இருட்டினால் பஸ்ஸும் குறையும், காட்டெருமையும் பாதைக்கு வரும், பெற்றோர் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து கேட்கிறார்கள். படிவத்தில் பஸ் நிறுத்தத்தின் பெயரையும் கேட்டால், யார் யார் சேர்ந்து போகலாம் என்று அப்போதே பிரித்துவிடலாம்.