விலங்குச் சீட்டுக்கட்டு: கடலாமைக்கு முழு மார்க், வௌவாலுக்குப் பாதிதான்

சேலம் நாலு ரோடு பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் 240 ரூபாய்க்கு வாங்கியது. எடை, நீளம், முட்டை அல்லது குட்டி எத்தனை என்று ஒவ்வொரு சீட்டிலும் கட்டம் கட்டியிருக்கும், எண் யாருக்குப் பெரிதோ அவருக்கே எதிராளியின் சீட்டு. சின்ன வயதில் மல்யுத்த வீரர் கார்டு ஆடியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அட்டை நல்ல கனம். டப்பா மூடிதான் வந்த அன்றே கிழிந்தது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம்.

கடலாமைச் சீட்டு அருமை. பங்குனி ஆமை: ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை, 45 முதல் 60 நாளில் பொரியும், மணலில் சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம். எல்லாம் சரியாக இருக்கிறது.

வௌவால் சீட்டில்தான் கடுப்பு. படத்தில் நரி மூஞ்சியும் கழுத்தைச் சுற்றிச் செம்பட்டை முடியுமாகப் பழந்தின்னி வௌவால், கீழே எழுதியிருப்பதோ "கண் தெரியாது, எதிரொலியை வைத்துப் பறக்கும், பூச்சி தின்னும்". எந்த வௌவாலுக்கும் கண் தெரியாமல் இல்லை, மீதி இரண்டும் பூச்சி தின்னும் வகையின் சமாச்சாரம். பழந்தின்னி அந்தப் பெரிய கண்ணாலும் மூக்காலும்தான் பழம் தேடுகிறது. மாம்பழ சீசனில் நம்ம ஊர்த் தோப்புக்காரர்கள் இதைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இலுப்பை விதையைப் பரப்புவதும் இதுவேதான். 1972 வனவிலங்குச் சட்டத்தில் 2022 திருத்தம் வரும்வரை காக்கா, எலியோடு சேர்த்துத் தொல்லை தரும் பிராணிகள் பட்டியலில் இது கிடந்தது, ஆமையோ அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் ராஜா மாதிரி. சீட்டு அச்சடித்தவர்களுக்கும் அதே மனசு போல.

ஆட்டத்திலும் ஒரு கோளாறு. முட்டை-குட்டிக் கட்டத்தைச் சொன்னால் ஆமைதான் ஜெயிக்கும், பழந்தின்னிக்கு வருஷத்துக்கு ஒரே குட்டி. ஆனால் ஆமைக் குஞ்சில் ஆயிரத்துக்கு ஒன்று பெரிதானாலே அதிகம் என்பார்கள். தாய் மணலை மூடிவிட்டுக் கடலுக்குள் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. வௌவால் தாயோ அந்த ஒற்றைக் குட்டியை மாரோடு ஒட்டவைத்துக்கொண்டே பறக்கும். "வளர்ப்பு" என்று ஒரு கட்டம் இருந்தால் ஆட்டமே வேறு. வீட்டில் நாங்களே அதை எழுதிச் சேர்த்துவிட்டோம். அட்டை பளபளப்பு என்பதால் பால்பாயிண்ட் ஒட்டாது, மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள்.