அலாஸ்கா கப்பல் தளத்தில் ஏ6400 கேமராவும் டார்க்டேபிளும்: சில கோடைகாலங்களின் பயன்பாட்டு அனுபவம்

தென்கிழக்கு அலாஸ்காவின் தீவுகளுக்கும் மலைகளுக்கும் நடுவே செல்லும் உல்லாசக் கப்பல்களின் தளத்தில் நின்று படமெடுக்க, சில கோடைகாலங்களாக ஒரே கருவித் தொகுப்பையே பயன்படுத்தி வருகிறேன். கேமரா 2019-இல் வெளிவந்த சோனி ஏ6400. லென்ஸ்கள் இரண்டு: 18-135 மி.மீ. ஒன்று, 70-350 மி.மீ. ஒன்று. படங்களைத் திருத்துவது டார்க்டேபிள் என்ற இலவசத் திறமூல மென்பொருளில். இவை ஒவ்வொன்றைப் பற்றியும் பொதுவான மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நகரும் கப்பலிலிருந்து மலையையும் பனியாற்றையும் எடுப்பவருக்கு இவை எந்த அளவுக்கு உதவுகின்றன என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

கப்பல் தளத்தில் நிற்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கப்பல் போகும் வழியே நம் கோணம். காலடியில் எஞ்சினின் மெல்லிய அதிர்வு ஓயாமல் இருக்கும். முக்காலியை விரித்தால் அந்த அதிர்வு கால்கள் வழியாக நேரே கேமராவுக்கு ஏறிவிடும். கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றினாலும் அதே கதைதான். கம்பியைத் தொடாமல், முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, கையில் பிடித்தபடி எடுப்பதே நல்லது, ஏனெனில் நம் உடம்பு அந்த அதிர்வில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்கிறது. ஏ6400-இன் உடலுக்குள் நடுக்கம் தடுக்கும் அமைப்பு கிடையாது. இரண்டு லென்ஸ்களிலும் உண்டு. பகல் வெளிச்சத்தில் அதுவே போதுமானதாக இருக்கிறது. விரிகோணத்தில் 1/250 விநாடியும், 350 மி.மீ. முனையில் 1/1000 விநாடியும் எனக்குக் குறைந்தபட்ச அளவுகள். ஐஎஸ்ஓ எண்ணைத் தானியங்கி முறையில் விட்டு, 3200-ஐ மேல்வரம்பாக வைத்திருக்கிறேன். கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் நல்ல வெளிச்சம் இருப்பதால் அந்த வரம்பைத் தொடும் தேவை அரிதாகவே வருகிறது.

நீண்ட லென்ஸ்தான் இந்தப் பயணத்தின் உயிர் என்று பலரும் நினைப்பதுண்டு. இந்தக் கேமராவில் 350 மி.மீ. என்பது, இதைவிடப் பெரிய உணரி கொண்ட முழுச்சட்டகக் கேமராவின் 525 மி.மீ. அளவுக்குச் சமம்; எடையோ 625 கிராம்தான். கடற்சிங்கங்கள், வெண்தலைக் கழுகு, மிதக்கும் பனிக்கட்டியின் மேல் படுத்திருக்கும் சீல் (கடல்நாய்) கூட்டம் ஆகியவற்றுக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் தொலைவிலுள்ள மலைமுகடுகளையோ பனியாற்றின் முகப்பையோ அதனால் இழுக்க முயலும்போது, குறுக்கே நிற்பது காற்று. குளிர்ந்த நீரின் மேல் படுத்திருக்கும் காற்றடுக்கும், கப்பலின் கதவுகளிலிருந்தும் புகைபோக்கியிலிருந்தும் வரும் வெப்பமும் கலந்து, விளிம்புகள் நெளிந்த படங்களே பல நேரம் கிடைக்கும். லென்ஸின் தரமோ, பிறகு செய்யும் கூர்மையாக்கலோ இதை மீட்டுத் தராது. என் தொகுப்பில் நிலைத்த நிலக்காட்சிப் படங்களில் பெரும்பான்மை 18-135 மி.மீ. லென்ஸில் எடுத்தவை. 325 கிராம் எடையுள்ள அந்த லென்ஸைக் குளிர்காற்றில் விரைத்த விரல்களால் கழற்றி மாற்ற வேண்டியிராதது தனி ஆறுதல். திமிங்கிலத்திற்கு மட்டும் வேறு வழி உண்டு: அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் கப்பல் நிற்கும்போது சிறிய படகில் போவது. கப்பலின் உயரமான தளத்திலிருந்து பார்த்தால் கூன்முதுகுத் திமிங்கிலம் என்பது பெரும்பாலும் தொலைவில் எழும் ஒரு நீராவிக் கீற்றுதான்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவிற்குள் ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய கப்பல்களுக்கே அனுமதி. பூங்காக் காவலர்கள் கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்று, இருபுறத்தாரும் பார்க்கும்படி மெதுவாகத் திரும்பும். ஆகவே இடத்தைப் பிடித்துக்கொண்டு அடித்துப்பிடித்து நிற்கத் தேவையில்லை. நீர்மட்டத்திற்கு மேல் அந்தப் பனிமுகப்பு ஏறத்தாழ 76 மீட்டர் உயரம், அகலம் சுமார் 1.6 கிலோமீட்டர். படத்தில் அந்த அளவு தெரியவே தெரியாது. பக்கத்தில் ஒரு சிறு படகோ பறவைக் கூட்டமோ வரும்வரை காத்திருந்து எடுத்த படத்தில்தான் அது புலப்படும்.

பனி உடைந்து விழும் காட்சிக்குக் காத்திருப்போருக்கு ஒரு செய்தி. அந்தக் குளிரில் ஒலி விநாடிக்குச் சுமார் 330 மீட்டர் செல்கிறது. முகப்பிலிருந்து கப்பல் 800 மீட்டர் தள்ளி நின்றால், முறியும் ஓசை நம்மை அடைய இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். ஓசையைக் கேட்டுக் கேமராவைத் தூக்குபவருக்குக் கிடைப்பது, எழுந்து அடங்கும் நீர்த்தெறிப்பு மட்டுமே. சிறு துண்டுகள் அடிக்கடி உதிரும் பகுதியைக் கண்ணால் தேடி, அங்கே குவியத்தைப் பூட்டிவைத்து, அசைவு தெரிந்த கணத்தில் தொடர்படப்பிடிப்பை அழுத்துவதே வழி. ஏ6400-இன் தொடர்படப்பிடிப்பு இங்கே உண்மையாகவே பயன்படுகிறது; அதன் உச்ச வேகம் விநாடிக்கு 11 படங்கள். எனினும் அந்த உச்ச வேகத்தில் ரா கோப்புகளை (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்புகளை) எடுத்தால் சில விநாடிகளில் இடைநினைவகம் நிரம்பி, அட்டையில் எழுதி முடிக்கும்வரை வேகம் குறையும் என்பதால், இந்த ஒரு வேலைக்கு மட்டும் நடுத்தர வேகத்தை வைத்துக்கொள்கிறேன்.

ஒளியளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டகம் முழுவதும் பனியாக இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதே சட்டகத்தில் கரிய பாறையும் ஸ்ப்ரூஸ் மரக்காடும் பாதிக்கு மேல் இருந்தால், பனியை வெளுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே அளவு ஒளித்திருத்தம் சொல்ல முடியாது. மிகை ஒளியை வரிக்கோடுகளால் காட்டும் ஸீப்ரா வசதியை இயக்கி, பனியின் மிக வெளிச்சமான திட்டுகளில் மட்டும் கோடுகள் தோன்றத் தொடங்கும் அளவில் நிறுத்துகிறேன். காடு கறுத்துத் தெரிந்தாலும் கவலையில்லை, ரா கோப்பில் நிழலை மீட்கலாம். வெளுத்துப் போன பனியை மீட்க முடியாது.

அடர்ந்த பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான் நீலமாகத் தெரிகிறது. மேகமூட்டமான நாளில் மேற்பரப்பின் கண்கூசும் பளபளப்பு குறைவதால் அந்த நீலம் மேலும் எடுப்பாகத் தெரியும். வெயில் இல்லையே என்று வருந்தும் சக பயணிகளிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவாக எடுபடவில்லை. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறங்களைச் சமன்செய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இந்த நீலத்தை ஒரு குறையாக எண்ணிச் சரிசெய்ய முற்படும். ஆகவே நாள் முழுவதும் பகலொளி அமைப்பிலேயே வைத்திருந்து, தேவையான சிறு மாற்றத்தைப் பிறகு செய்வது நல்லது. திருத்தும்போதும் நிறம் பறிக்கும் கருவியைப் பனியின் மேல் வைத்து, அதுதான் வெள்ளை என்று மென்பொருளிடம் சொல்லிவிடக் கூடாது. பாறைத்தூள் கலந்து பாலும் பச்சையுமாக இருக்கும் நீருக்கும் இது பொருந்தும்.

ஈரப்பதம் இன்னொரு தொல்லை. சென்னையில் குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போது லென்ஸில் ஆவி படியும். இங்கே தலைகீழாக, குளிர்ந்த தளத்திலிருந்து கதகதப்பான உள்கூடத்திற்குள் நுழையும்போது படியும். வெளியிலேயே பையின் மூடியை இறுக்கி மூடி, உள்ளே சென்று அரைமணி நேரம் திறக்காமல் விட்டால் போதும். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு குறையும். ஏ6400-இன் அதிகாரபூர்வக் கணக்கே திரையைப் பார்த்து எடுத்தால் ஒரு முறை மின்னேற்றத்துக்கு 410 படங்கள் என்பதால், மாற்றுப் பேட்டரிகளை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது கட்டாயம்.

இனி டார்க்டேபிள். இதில் நான் மிகவும் நம்பியிருப்பது, மதிப்புரைகளில் பெரும்பாலும் பேசப்படாத நிலப்படப் பகுதியை. கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கடலில் ரோமிங் கட்டணத்துக்கு அஞ்சாமல், நாள் முழுவதற்குமான வழித்தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகப் பதிந்துகொள்ளலாம். பிறகு அக்கோப்பை டார்க்டேபிளில் இணைத்தால், எடுத்த நேரத்தை வைத்து ஒவ்வொரு படமும் வரைபடத்தில் தன் இடத்தில் போய் அமர்கிறது. சியாட்டிலில் ஏறினால் அலாஸ்காவில் ஒரு மணி நேரம் பின்னே செல்ல வேண்டும். கப்பல் தன் கடிகாரத்தை எப்போது மாற்றினாலும், கேமராக் கடிகாரத்தைத் தொடாமல் விட்டு, நேர வேறுபாட்டை மென்பொருளில் ஒரே முறை ஈடுகட்டுவது எளிது.

இந்த உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். 1794-இல் பிரிட்டிஷ் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் கப்பற்குழு வந்தபோது இன்றைய கிளேசியர் பே கிட்டத்தட்ட முழுவதும் பனியால் மூடியிருந்தது. 1916 வாக்கில் பனி, விரிகுடாவின் வாய்ப்பகுதியிலிருந்து 65 மைல் உள்ளே, டார் இன்லெட் என்ற கிளைக்கழியின் தலைப்பகுதிக்குப் பின்வாங்கிவிட்டது. கப்பல் உள்ளே செல்லச் செல்ல, அண்மையில் பனி விலகிய நிலத்தை நோக்கிச் செல்கிறோம்: வாயிலில் முதிர்ந்த ஸ்ப்ரூஸ் காடு, நடுவில் ஆல்டர் புதர்கள், இறுதியில் பாசி மட்டுமே ஒட்டிய வெறும் பாறை. தாவரங்கள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறுவதை ஆராய வில்லியம் கூப்பர் என்ற அறிஞர் 1916-இலேயே அங்கே அளவிடு பாத்திகளை அமைத்தார். தனித்தனியாகப் பார்த்தால் சலிப்பூட்டும் என் கரையோரப் படங்கள், வரைபடத்தில் வரிசையாக அமர்ந்ததும் அந்த வரலாறாகவே விரிகின்றன. அழகான பத்துப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும் பழக்கத்தை இந்தப் பயணங்களின் படங்களுக்கு நான் பின்பற்றாததற்கு இதுவே காரணம்.

திருத்தும் வரிசை சிறியது. முதலில் ஒளியளவு, அடுத்து லென்ஸ் திருத்தம், பிறகு சாய்வைச் சரிசெய்தல். சாய்வில் ஒரு பொறி இருக்கிறது. குறுகிய கடற்கழியில் கண்ணுக்குத் தெரியும் நீர்விளிம்பு தொடுவானம் அன்று. அது நம்மைவிட்டு விலகிச் செல்லும் கரை, ஆகவே இயல்பாகவே சாய்ந்துதான் தெரியும். அதன்மேல் கோடிழுத்து மட்டமாக்கினால் மலைகளெல்லாம் சாய்ந்துவிடும். நீர் அசைவற்றிருக்கும் படமானால், ஒரு பாறை முனையையும் அதன் பிரதிபலிப்பையும் இணைத்துச் செங்குத்துக் கோடு இழுப்பதே நம்பகமான வழி. அதன்பின் 2022 இறுதியில் வந்த 4.2 பதிப்பில் சேர்ந்த சிக்மாய்டு தொகுதியால் ஒளிவேறுபாட்டை அமைத்து, டோன் ஈக்வலைசரால் காட்டின் நிழல்களைச் சற்று உயர்த்துகிறேன்.

மூட்டம் நீக்கும் தொகுதியை மட்டும் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறேன். அதைக் கூட்டினால் தொலைவிலுள்ள மலைகள் அருகே வந்து நிற்கும், நீர் கறுக்கும், பனி ஒப்பனை செய்த நீலமாகும். ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும் மலையடுக்குகள்தாம் அங்கே தொலைவைச் சொல்கின்றன; அந்த மூட்டத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது தட்டையான அட்டைப்படம். இன்னொரு காரணமும் உண்டு. பனியாற்று ஆய்வாளர் வில்லியம் ஃபீல்டு 1941 ஆகஸ்டில் எடுத்த, கிளேசியர் பேயிலுள்ள மியூர் பனியாற்றின் படத்தையும், அதே இடத்தில் நின்று புவியியலாளர் புரூஸ் மோல்னியா 2004 ஆகஸ்டில் எடுத்த படத்தையும் அருகருகே பார்த்தவர்களுக்கு, பனி 12 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியது ஒரே பார்வையில் விளங்கும். உல்லாசப் பயணியின் படத்திற்கு அத்தகைய ஆய்வுத் தகுதி இல்லைதான். ஆனாலும் பனி எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்பதையே மாற்றிக்காட்டும் அளவுக்குத் திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

டார்க்டேபிள் எளிய மென்பொருள் அன்று. ஒரே வேலையைச் செய்யும் பல தொகுதிகள் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெளியச் சில மாதங்கள் ஆகும். கட்டண மென்பொருளான லைட்ரூமில் 2023-இல் சேர்க்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு நுண்புள்ளி நீக்கம் (படத்தில் மணல்போல் தெரியும் இரைச்சலைக் குறைப்பது) பறவைப் படங்களுக்குச் சிறப்பாக உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பகலில் நிலக்காட்சி எடுப்பவருக்கு அது பெரிய இழப்பில்லை. மூலக்கோப்பைத் தொடாமல், திருத்தங்களையெல்லாம் தனி எக்ஸ்எம்பி கோப்பில் எழுதிவைப்பதால், பழைய கோடைகளின் படங்களை இன்றைய பதிப்பில் திறந்து மறுபடியும் தொடங்க முடிகிறது. மாதச் சந்தா இல்லாததைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கப்பலில் இருக்கும்போது நான் திருத்துவதே இல்லை. இரவில் அன்றைய படங்களைக் கையடக்க எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, அட்டையை அழிக்காமல் எடுத்துவைத்துக்கொள்வதோடு சரி. ஒரு ரா கோப்பு சுமார் 25 எம்பி. கப்பலின் இணையத்தில் மேகச் சேமிப்பை எண்ணிப் பார்ப்பதே வீண். வீட்டாருக்கு அனுப்ப வேண்டியவற்றைக் கைப்பேசிக்கு மாற்றி, ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் சற்றே வெட்டி, வெளிச்சம் கூட்டி அனுப்பிவிடுவேன்.

அடுத்த கோடைக்கு மாற்ற நினைப்பது கேமரா உடலை அன்று, அச்சுத்தாளை. மங்கலான பளபளப்பற்ற தாளில் தென்கிழக்கு அலாஸ்காவின் டோங்காஸ் காட்டின் கரும்பச்சை முழுதும் கறுப்பாகி, மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அச்சுக்கென்று தனிப் பிரதி எடுத்து நிழல்களை மேலும் உயர்த்தினால் காடு பிரிகிறது, ஆனால் அதே படத்தின் பனி தட்டையாகிவிடுகிறது. இப்போதைக்குக் காட்டையும் பனியையும் தனித்தனி முகமூடிகளால் (திருத்தம் படவேண்டிய பகுதியை மட்டும் குறிக்கும் வசதியால்) பிரித்துத் திருத்துகிறேன். அரைப்பளபளப்புத் தாளில் இந்தக் கூடுதல் வேலை தேவைப்படாது என்றே எதிர்பார்க்கிறேன்.