கடைசி நகரப் பேருந்துக்கு முன் முடிந்திருக்க வேண்டிய விழா

தஞ்சாவூர் வட்டாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று பன்மைத்துவம், பாலின நீதி, யாரையும் விலக்காத வளாகம் ஆகியவற்றை முன்வைத்து ஆண்டுதோறும் இரண்டு நாள் விழா நடத்துகிறது. இவ்வாண்டு எங்கள் அரசு கலைக் கல்லூரியின் மாணவ மாணவியரை அதற்கு அழைத்துச் சென்றிருந்தேன். வெளிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணம் 100 ரூபாய். அந்தப் பணத்துக்கும், இரண்டு நாள் வகுப்பை விட்டதற்கும் ஈடான பயன் கிடைத்ததா என்று சக ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதாலும், இரவு பகலாக உழைத்த மாணவத் தொண்டர்கள்மீது அவற்றின் பழி விழக் கூடாது என்பதாலும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், விழாவில் சரக்கு இருந்தது. ஆனால் அது மிகவும் தேவைப்பட்டவர்கள் கைக்கு எட்டும் நேரத்தில் பரிமாறப்படவில்லை.

முதலில் பாராட்ட வேண்டியது நூலக முகப்பில் வைக்கப்பட்டிருந்த கண்காட்சியை. இத்தகைய விழாக்களில் வழக்கமாகக் காணும் ஆங்கில முழக்கங்களும், இணையத்திலிருந்து இறக்கிய படங்களும் இல்லாமல், பெரும்பாலும் காவிரிப் படுகையோடு தொடர்புள்ளவர்களையே எடுத்திருந்தார்கள். மதுரைக்காரரானாலும் தஞ்சாவூரில் கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் பயின்று, 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் திருநங்கையான நர்த்தகி நடராஜுக்கு ஒரு பலகை. கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு நாகை வட்டாரத்திலேயே தங்கி, 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பெயரில் நிலம் பதிவாகப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்கு ஒரு பலகை. மாணவியர் அதிக நேரம் நின்றது மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பலகை முன்னால்தான். தேவதாசி முறைக்கு எதிராக அவர் நடத்திய போராட்டத்தையும் அம்முறையை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சொன்னதோடு நிற்காமல், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அவர் பெயரால் அமைந்தது என்பதுவரை அந்தப் பலகை கொண்டுவந்து சேர்த்திருந்தது. அரசுப் பள்ளியில் படித்து வந்து, அந்தத் திட்டத்தில் மாதந்தோறும் வங்கிக் கணக்கில் 1000 ரூபாய் பெறும் என் மாணவி ஒருத்தி, “மூவலூர் நம்ம மயிலாடுதுறைப் பக்கத்து ஊரா மேம்? இவ்வளவு நாளாக எனக்குத் தெரியாமல் போய்விட்டதே” என்று கேட்டுவிட்டு, பலகை முழுவதையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

விழாவின் உச்சம், முதல் நாள் பிற்பகலில் சமூகப்பணித் துறை மாணவர்கள் நடத்திக் காட்டிய மாதிரி விசாரணை. கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கும் ஆய்வு நெறியாளர்மீது ஓர் ஆய்வு மாணவி பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுக்கிறார், உள்ளகப் புகார்க் குழு கூடுகிறது, இவ்வளவுதான் கதை. குழுத் தலைவராக நடித்த மாணவி, கனிவான குரலில் “உன் எதிர்காலத்தை யோசித்துப் பாரும்மா” என்று தொடங்கியதும் அரங்கில் எழுந்த சிரிப்பில், அந்த வாக்கியத்தை எத்தனை பேர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. உடனே வெளி உறுப்பினராக நடித்தவர் குறுக்கிட்டு, புகார் கொடுத்தவர் தாமாகக் கேட்டாலன்றிச் சமரசம் பேசக் கூடாது என்றும், பேசினாலும் பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்றும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை எடுத்து வைத்தார். புகாரை எழுத்து வடிவில் 3 மாதங்களுக்குள் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதங்கள் நீட்டிக்கலாம், விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும், விசாரணை நடக்கும் காலத்தில் புகாருக்கு உள்ளானவர் அந்த மாணவியின் தேர்வையோ ஆய்வையோ மதிப்பிடாதபடி விலக்கி வைக்கலாம் என்பவையெல்லாம் உரையாடலின் போக்கிலேயே வந்து விழுந்தன. இதே செய்திகளைச் சுற்றறிக்கையாக எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஆண்டுக்கணக்காக ஒட்டி வைத்திருக்கிறோம். கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பேறிக் கிடக்கிறதே தவிர, ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

விசாரணை முடிந்து கேள்விகளுக்கு நேரம் கொடுத்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி துணைவேந்தர், பதிவாளர், புலத் தலைவர், துறைத் தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றும், மாணவர் தொடர்பான புகாராயின் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூவர் குழுவில் இடம்பெற வேண்டும் என்றும் நடித்தவர்கள் சற்றுமுன்தான் விளக்கியிருந்தார்கள். அதைக் கேட்ட இளங்கலை மாணவர் ஒருவர் எழுந்து, அரங்கின் வாசலில் ஒட்டியிருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் குழுப் பட்டியலில் ஒரு துறைத் தலைவரின் பெயர் இருப்பதையும், மாணவர் பெயர் ஒன்றுகூட இல்லாததையும் சுட்டிக்காட்டினார். மேடையில் இருந்த ஒருங்கிணைப்பாளர் மழுப்பவில்லை. பட்டியலை மாற்றச் சொல்லித் தாமே எழுதிக் கொடுத்திருப்பதாகவும், இன்னும் ஆணை வரவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். கேட்டவரும் துணிந்து கேட்டார், பதில் சொன்னவரும் நேர்மையாகச் சொன்னார். கட்டணம் அந்த ஐந்து நிமிடத்துக்கே சரியாகப் போயிற்று என்பது என் கணக்கு.

அந்தத் துணிவு இரண்டாம் நாள் முற்பகலில் நடந்த சாதிப் பாகுபாடு பற்றிய அமர்வில் மருந்துக்கும் இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மேற்கோள்களில் தொடங்கி மேற்கோள்களிலேயே முடித்தார். சமூக நல்லிணக்கம் என்ற சொல் வந்த அளவுக்குச் சாதி என்ற சொல் வரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று தலித் மக்கள் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இதே படுகையில்தான் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் நூலக முகப்புப் பலகையில் இருந்தது, மேடையில் இல்லை. பழைய வரலாறு போகட்டும், இன்றைய வகுப்பறையில் “உதவித்தொகைக்காரர்கள் எழுந்து நில்லுங்கள்” என்று அலுவலகப் பணியாளர் உரக்கக் கூப்பிடுவதையும், விடுதி அறைகள் எப்படிப் பிரிகின்றன என்பதையும், சாதியைக் காட்டும் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தையும் பற்றிப் பேச ஆளில்லை. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டைத் தடுக்கத் தனி அலுவலரும் இருக்க வேண்டும் என்று மானியக் குழு 2012இலேயே விதித்திருக்கிறது. அந்த அலுவலர் யார், அவரை எங்கே பார்க்கலாம் என்று ஒரு வரி சொல்லியிருந்தாலே அந்த ஒன்றரை மணி நேரம் பயன்பட்டிருக்கும்.

உணவைப் பற்றி எழுதுவது அற்பமாகத் தோன்றலாம். இந்த விழாவில் அது அற்பமில்லை. மாணவர்களுக்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பொட்டலமாக மரத்தடியில் கிடைத்தன. சூடாக இருந்தன, குறை சொல்ல முடியாது. விருந்தினர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் குளிரூட்டிய அறையில் தலைவாழை இலை போட்டுத் தனிப் பந்தி நடந்தது. பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதிலேயே ஒரு காலத்து ஏற்றத்தாழ்வு முழுவதும் அடங்கியிருந்த ஒரு மாவட்டத்தில், சமத்துவத்துக்காக நடக்கும் விழாவில் இப்படி இரண்டு பந்தி வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ! என்னையும் உள்ளே அழைத்தார்கள். பிள்ளைகளோடு மரத்தடியிலேயே சாப்பிட்டுக்கொண்டேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு பாதிக் கிணறு தாண்டிய நிலையில் இருந்தது. எல்லா அமர்வுகளுக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தார், இது இந்தப் பக்கத்தில் அபூர்வம். பார்வையற்ற முதுகலை மாணவர்கள் நடத்திய உதவி மேசையில், சொல்வதை எழுதுபவரைத் தேர்வுக்கு எப்படிப் பெறுவது, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்ற உரிமையைக் கண்காணிப்பாளரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெளிவாகச் சொல்லித் தந்தார்கள். மேடைக்கு மட்டும் சாய்தளம் என்ற பெயரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது பொது அளவு. அந்தப் பலகை அதில் கால் பங்குகூட இருக்காது. சக்கர நாற்காலியில் வந்த பேச்சாளரை நான்கு பேர் தூக்கித்தான் மேலே வைத்தார்கள்.

இனி நேரம். விழாவிலேயே மிகச் சிறந்த பேச்சாளர்கள் விவசாயத் தொழிலாளர்களான மூன்று பெண்கள். நடவுக்கும் களைக்கும் ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி என்று இருப்பதையும், அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பிறகு சம்பா அறுப்பில் தங்களுக்கு வேலை இல்லாமல் போனதையும், பட்டா தன் பெயரில் இருந்தால் வீட்டில் பேச்சு எப்படி மாறுகிறது என்பதையும் அவர்கள் சொன்ன அளவுக்கு எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்லாது. இந்த அமர்வை இரண்டாம் நாள் மாலை 5 மணிக்கு, நிறைவு விழாவுக்கு முன்னால் வைத்திருந்தார்கள். காலையில் குத்துவிளக்கேற்றலும் வரவேற்புரைகளும் நினைவுப் பரிசுகளும் சேர்ந்து விழுங்கிய நேரத்தால், அதுவும் தள்ளிப்போய் 6 மணிக்குத்தான் தொடங்கியது. ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் மாணவியருக்கு அதுதான் கிளம்ப வேண்டிய நேரம். பெண்களுக்குக் கட்டணமில்லாத விடியல் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான் செல்லும். கிராமத்துக்குள் போகும் கடைசி நகரப் பேருந்தை விட்டால் காசு கொடுத்துப் புறநகர்ப் பேருந்தில் ஏறி, முதன்மைச் சாலையில் இறங்கி, இருட்டில் நடக்க வேண்டும். தாயார் நடவுக்குப் போகும் வீடுகளின் பிள்ளைகள் எழுந்து போய்விட, அந்த மூன்று பெண்களும் விடுதி மாணவர்களுக்கும் எங்களைப் போல வாகனத்தில் வந்தவர்களுக்கும்தான் பேசினார்கள்.

அடுத்த ஆண்டு எங்கள் கல்லூரி மறுபடியும் போகும். போக விரும்பும் மற்றவர்கள் வாகனத்தைத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. முழு நாள் முடியாதென்றால் கண்காட்சியையும் மாதிரி விசாரணையையும் பார்த்தாலே போதும், சான்றிதழும் அதற்கே தந்துவிடுகிறார்கள். பதிவுப் படிவத்தில் பெயர், கல்லூரி, கைப்பேசி எண்ணுக்குக் கீழே எந்தத் தேவையும் இல்லாமல் சமூகப் பிரிவு என்றொரு கட்டம் இருக்கும். என் மாணவியர் பலர் அதைக் காலியாக விட்டுக் கொடுத்தார்கள். மேசையில் இருந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.