விண்டோஸ், லினக்ஸ் மறுபடி போட்ட பிறகு: இஎஃப்எஸ், பிட்லாக்கர், லக்ஸ் - எதில் கோப்பு திரும்பக் கிடைக்கும்?

ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டதும் பூட்டிய கோப்புகள் திறக்கவில்லையா? முதலில் கேட்க வேண்டியது, சாவி எங்கே இருந்தது என்பதுதான். பழைய ஓஎஸ்ஸுக்குள்ளா, கோப்புகள் இருக்கும் டிரைவிலேயேவா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இஎஃப்எஸ்ஸில், அதாவது கோப்புகளைத் தனித்தனியாகப் பூட்டும் விண்டோஸ் வசதியில். ஒரு டிக் போட்டால் கோப்பு பூட்டிக்கொள்ளும், பாஸ்வேர்டு கேட்காது. சாவி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் போக அதுதான் காரணம். அந்தச் சாவி சி டிரைவில், பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள், லாகின் பாஸ்வேர்டையும் கணக்கை அடையாளம் காட்டும் எஸ்ஐடி எண்ணையும் வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. புது விண்டோஸில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு கொடுத்தாலும் எஸ்ஐடி வேறு. டி டிரைவில் கோப்பின் பெயர் தெரியும், அளவு தெரியும். திறந்தால் 'ஆக்சஸ் டினைடு'. உடனே ஓனர்ஷிப்பை மாற்றிப் பார்ப்பார்கள். பயனில்லை, அனுமதி வேறு, என்கிரிப்ஷன் வேறு.

முன்பே சாவியின் நகலான பிஎஃப்எக்ஸ் கோப்பு எடுத்து வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை: இரட்டைக் கிளிக், 'கரன்ட் யூசர்', எடுத்தபோது கொடுத்த பாஸ்வேர்டு, 'பர்சனல்' ஸ்டோர். சான்றிதழ் மட்டும் உள்ள சிஇஆர் கோப்பு இருந்தால் உதவாது, அதில் பூட்டைத் திறக்கும் பிரைவேட் கீ கிடையாது.

பிஎஃப்எக்ஸ் இல்லையென்றால், பழைய விண்டோஸின் கோப்புகளை வைத்திருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறை இருக்கிறதா பாருங்கள். அது தானாகவே அழிந்துவிடக்கூடியது, சில நேரம் 10 நாளிலேயே; இன்றே வெளி டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். அதில் உங்கள் பழைய கணக்கின் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று உள்ளே போனால் கிரிப்டோ, புரொடெக்ட், சிஸ்டம்சர்டிஃபிகேட்ஸ் என்ற மூன்று கோப்புறைகள் வேண்டும். உள்ளே இருப்பவை மறைந்திருக்கும். ஹிடன், சிஸ்டம் கோப்புகள் இரண்டையும் காட்டச் சொல்லிவிட்டு நகலெடுங்கள். பழைய பாஸ்வேர்டும் நினைவிருந்தால், அட்வான்ஸ்டு இஎஃப்எஸ் டேட்டா ரெகவரி போன்ற மென்பொருளால் சாவியை மீட்க வாய்ப்புண்டு. சி டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டீர்கள், அதுவும் எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தைக் காலிசெய்யும் டிரிம் வேலையை முடித்திருக்கும். பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

டிரைவ் முழுவதையும் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பூட்டின் விவரம் அந்த டிரைவிலேயே இருப்பதால் டி டிரைவுக்கு விண்டோஸ் மாறியது பொருட்டே இல்லை. பாஸ்வேர்டோ 48 இலக்க ரெகவரி கீயோ போதும். திரையில் வரும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருப்பதோடு ஒப்பிட்டுச் சரியான கீயை எடுங்கள். தவிப்பவர்கள், டிரைவைத் தானாகவே திறக்கும் ஆட்டோ அன்லாக்கை நம்பி, பாஸ்வேர்டு, ரெகவரி கீ இரண்டையும் தொலைத்தவர்கள். ஆட்டோ அன்லாக்கின் சாவி பழைய விண்டோஸோடு போய்விட்டது.

லினக்ஸில் டிரைவைப் பூட்டும் லக்ஸும் அப்படியே: பாஸ்ஃப்ரேஸ் (நீளமான பாஸ்வேர்டு) தெரிந்தால் 'கிரிப்ட்செட்டப் ஓப்பன்', பிறகு மவுன்ட். ஆபத்து இன்ஸ்டாலரில். அதே பார்ட்டிஷனுக்கு மறுபடி 'என்கிரிப்ட்' கொடுத்தால் பூட்டின் விவரம் இருக்கும் பழைய ஹெடர் மேல் புது ஹெடர் ஏறும். உள்ளே இருந்த, தரவைப் பூட்டிய மாஸ்டர் கீ குலுக்கலில் பிறந்தது. அதே பாஸ்ஃப்ரேஸ் போட்டாலும் திரும்ப வராது. 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' கட்டளையில் எடுத்த நகல் இருந்தால் மட்டுமே வழி. லக்ஸின் புதிய வடிவமான லக்ஸ்2-ல் அது வழக்கமாக 16 எம்பிதான், ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கும்.