ஈ கம்பியிடம் விட்ட தீர்ப்பு: டபுள் பேஸ் கம்பிகள் ஓர் ஒப்பீடு

வயலின் குடும்பத்தின் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட கருவியான டபுள் பேஸுக்குக் கம்பி தேர்ந்தெடுப்பது எளிய வேலையன்று. நான்கு கம்பிகள் கொண்ட ஒரு தொகுதியின் விலை அதிகம். மாட்டிய பிறகு அதன் உண்மையான குரல் வெளிப்படச் சில வாரங்கள் ஆகும். அதன்பின் பிடிக்கவில்லை என்று தெரிந்தால், வாசித்துப் பழகிய கம்பியை யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஆசிரியரோ நண்பரோ சொன்ன ஒரு வகையை மாட்டிக்கொண்டு, அதிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கடந்த ஒன்றரை ஆண்டில் ஐந்து வகைக் கம்பிகளை ஒரே கருவியில், ஒரே வில்லோடும், வில் முடியில் தேய்க்கும் ஒரே ரோசின் பிசினோடும், மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன். என் வாசிப்பில் பாதி வில்லால், பாதி விரலால் என்பதால், இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் கம்பி எது என்பதே என் தேடல்.

உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை ஜி, டி, ஏ, ஈ என்று பெயர் கொண்ட நான்கு கம்பிகளில், மிகத் தாழ்ந்த குரல் உடைய ஈ கம்பியிடம் தீர்ப்பை விட்டேன். ஜி கம்பி எந்தத் தொகுதியிலும் ஓரளவு நன்றாகவே பேசிவிடும். ஈ கம்பியின் அடிப்படைச் சுரமோ நொடிக்கு 41.2 அதிர்வுகள், அதாவது ஓர் அதிர்வு முடிய ஏறத்தாழ 24 மில்லி நொடி ஆகிறது. வில் கம்பியைப் பற்றி இழுத்து, நழுவவிட்டு, மறுபடியும் பற்றும் அந்தச் சுழற்சி சீராக அமைய நான்கைந்து அதிர்வுகளாவது தேவைப்படும் என்றால், அதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. விரைவான ஒரு பத்தியில் இந்தத் தாமதம் காதுக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்றும் உண்டு. 41 அதிர்வுகளை வலுவாக வெளியிடும் அளவுக்கு டபுள் பேஸின் உடல் பெரியதன்று. நம்மை எட்டும் ஒலியில் 82, 123 என மேலே போகும் மேற்சுரங்களே ஓங்கியிருக்கின்றன. அவற்றைக் கொண்டுதான் காது அடிச்சுரத்தை உணர்ந்துகொள்கிறது. கம்பி விறைப்பாக இருந்தால் இந்த மேற்சுரங்கள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்றே உயர்ந்து, சுருதி கலங்கியதுபோல் கேட்கும். மெல்லிய எஃகு இழைகளைக் கயிறுபோல் முறுக்கி மையமாக வைப்பது இந்த விறைப்பைக் குறைப்பதற்காகத்தான்.

முறை பற்றிச் சில சொற்கள். கம்பிகளை எப்போதும் ஒவ்வொன்றாகவே மாற்றினேன். ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 25 முதல் 35 கிலோ வரையிலான விசையோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் கம்பிகளைத் தாங்கும் குதிரை நிமிர்ந்து நிற்கிறது, உடலின் உள்ளே நிற்கும் சிறு மரத்தூணான சவுண்ட் போஸ்ட்டும் இடம் பெயராமல் நிற்கிறது. நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் இரண்டும் சரிந்துவிடக்கூடும். குதிரையிலும், விரற்பலகையின் மேல் முனையில் கம்பிகள் தங்கும் நட்டிலும் உள்ள பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்துக்கொண்டேன். விரற்பலகையின் குதிரைப் பக்க முனையில் ஜி கம்பியின் உயரம் 6 மில்லிமீட்டர், ஈ கம்பியின் உயரம் 9 மில்லிமீட்டர் என்று வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் அளந்து சரிபார்த்தேன். மூன்று வாரம் முடிவதற்கு முன் எந்தத் தொகுதியைப் பற்றியும் எதுவும் எழுதி வைக்கவில்லை.

முதலில் ஸ்பைரோகோர். வியன்னாவில் 1919 முதல் இயங்கிவரும் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் நிறுவனத்தின் கம்பி இது. ஜாஸ் பேஸ் கலைஞர்கள் பலருக்கு வேறு கம்பியே தோன்றாது எனும் அளவுக்கு நிலைபெற்றுவிட்டது. மாட்டிய முதல் வாரத்தில் ஒவ்வொரு சுரத்தின் மேலும் உலோகச் சலசலப்பு ஒன்று மிதந்துகொண்டிருக்கும். இரண்டு வாரத்தில் அது அடங்கியதும் வெளிப்படும் குரலில் ஓர் உறுமல் இருக்கிறது. விரலால் மீட்டினால் சுரம் சுவரில் அடித்த பந்துபோல் உடனே திரும்பி வந்து, பிறகு நீண்ட நேரம் நின்று ஒலிக்கிறது. திறந்த ஏ கம்பியை மீட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்; அறை அமைதியாக இருந்ததால், அதன் கடைசி இழை மறையும் வரை பதினைந்து நொடிக்கு மேல் எண்ண முடிந்தது. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்று இக்கம்பி பெற்றிருக்கும் பெயரும் நியாயமானதே.

வில்லில் ஸ்பைரோகோர் வேறு வகையான ஒழுக்கத்தைக் கோருகிறது. நடுத்தர இழுவிசை கொண்ட மிட்டல் வகையின் ஈ கம்பியில் வில்லை வைத்து இழுத்தபோது, முதலில் வில் முடி கம்பியின் மேல் உரசும் மெல்லிய காற்றொலி, அதன்பின் அரைகுறையாக ஒரு மேற்சுரம், அதற்கும் பின்னால்தான் ஈ. வில்லைக் குதிரையிலிருந்து இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி வைத்து, இழுக்கத் தொடங்கும் முன்பே கையின் எடையைக் கம்பியில் இறக்கி, கம்பி பிடிபட்டதை விரலில் உணர்ந்த பிறகே வில்லை நகர்த்தக் கற்றுக்கொண்டதும் அந்தத் தாமதம் பெருமளவு குறைந்தது. இழுவிசை குறைந்த வைஷ் வகைக்கு மாறிய பிறகு நடந்தது எனக்கே வியப்பாக இருந்தது. இழுவிசை குறைந்தால் ஒலியும் மெலியும் என்று நினைத்திருந்தேன். மாறாக, குதிரையின் மேல் அழுத்தம் தளர்ந்ததால் என் கருவியின் மேற்பலகை இன்னும் தாராளமாக அதிர்ந்தது. ஈ கம்பி விரைவாகவும் ஆழமாகவும் பேசியது. கம்பியின் பெயரை மாற்றுவதற்கு முன் அதே கம்பியின் இழுவிசையை மாற்றிப் பார்ப்பது நல்லது என்று எவருக்கும் சொல்வேன்.

தாதாரியோ நிறுவனத்தின் ஹெலிகோர் கம்பிகளில் இசைக்குழுவுக்கு, மீட்டுவதற்கு, இரண்டுக்கும் பொதுவாக எனத் தனித்தனி வகைகள் உண்டு. பொது வகையான ஹைபிரிடை மாட்டினேன். இரண்டு நாளிலேயே சுருதி நின்றுவிட்டது. நான்கு கம்பிகளும் ஒரே குரலில் பேசின. வில்லுக்கும் விரலுக்கும் சமமாக இசைந்தன. முதன்முதலாகக் கம்பி மாற்றுபவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். என் கருவி இயல்பிலேயே தெளிவான குரல் கொண்டது என்பதால், நான் தேடியது இன்னும் சற்று இருண்ட நிறம்.

அந்த நிறத்தைப் பிராஸ்ட்ரோவிடம் தேடினேன். 1798-இல் தொடங்கப்பட்ட இந்த ஜெர்மானிய நிறுவனத்தின் ஆப்லிகாட்டோ, எவா பிராஸி ஆகிய இரண்டுக்கும் செயற்கை இழையே மையம். மேலே உலோகச் சுற்று. செயற்கை இழை நீளும் தன்மை உடையது என்பதால், முதல் சில நாட்கள் அரை மணிக்கு ஒருமுறை சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் மாட்டக்கூடாது. ஆப்லிகாட்டோவின் குரல் உருண்டையானது, இடது கைக்கு மென்மையானது. வில்லின் கீழ் வெண்ணெய்போல் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. எவா பிராஸி அதே வெப்பத்தோடு கூடுதல் வலுவையும் தருகிறது. அதன் டி கம்பியில் மெதுவான ஒரு மெட்டை வில்லால் வாசித்தபோது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இடது கை சறுக்கிப் போகும் அந்தச் சிறு இடைவெளியிலும் குரல் அறுபடாமல் நின்றது. இந்த ஒப்பீட்டில் வில்லுக்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைத்தான் எடுப்பேன்.

இடையில் ஒரு விபத்து. வேறொரு நிறுவனத்தின் செயற்கை மையக் கம்பி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் வாரம் ஜி கம்பியில், உயர்ந்த சுரங்களுக்குக் கட்டைவிரலையும் கம்பியில் வைத்து வாசிக்கும் கட்டைவிரல் நிலைக்கு அருகே ஏதோ தட்டுப்பட்டது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, உலோகச் சுற்று ஓரிடத்தில் விலகி, நகம் நுழையும் அளவுக்குப் பிளவு தெரிந்தது. அதனுள்ளே வெளிறிய இழை. அந்த இடத்தில் விரலை அழுத்தினால் சுரம் கரகரத்தது. அந்தத் தொகுதியை மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டேன். அன்றிலிருந்து வாசித்து முடித்ததும் ரோசின் தூளை உலர்ந்த துணியால் துடைத்து, சுற்றையும் விரலால் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இறுதியாகக் குடல் நரம்பு. பழந்தமிழ் யாழின் இழையை நரம்பு என்றே சொன்னது. டபுள் பேஸிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விலங்கின் குடலில் திரித்த நரம்பே வழக்கில் இருந்தது. டி, ஜி இரண்டுக்கும் சுற்றில்லாத வெறும் நரம்பை மாட்டினேன். எஃகைவிடக் கணிசமாகத் தடித்தவை என்பதால் நட்டின் பள்ளங்களை அகலப்படுத்த வேண்டியிருந்தது; அகலப்படுத்திய பள்ளத்தில் மெல்லிய எஃகுக் கம்பி பிறகு சரியாக உட்காராது என்பதால், நட்டை மாற்ற ஆயத்தமாக இருப்பவர்களே இதில் இறங்கலாம். நரம்பு அகலமாக அதிர்வதால் கம்பியின் உயரத்தையும் கூட்ட நேர்ந்தது. ஈரப்பதம் மாறும் நாட்களில் காலையில் சேர்த்த சுருதி மாலையில் இருப்பதில்லை. ஆனால் அந்த ஒலி! மீட்டியவுடன் ஒரு தடித்த "தும்", சற்று நேரத்தில் அடக்கம். மத்தளத்தின் இடந்தலையைக் கையால் தட்டியதுபோன்ற உடல் அதற்கு இருக்கிறது. வில்லில் வைத்தால் மரமே பேசுவதுபோன்ற சொரசொரப்பு. ஒரு மாதம் முடிந்து அவற்றைக் கழற்றியபோது மனம் கனத்தது. ஈரப்பதமும் சுருதியும் மட்டும் ஒத்துழைத்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாக முடித்திருப்பேன்.

நட்டைப் புதிதாகச் செய்து மாட்டிய பிறகு, இப்போது என் கருவியில் ஈ, ஏ இரண்டும் ஸ்பைரோகோர் வைஷ். டி, ஜி இரண்டும் எவா பிராஸி. கீழே உறுமலும் மேலே பாட்டும் கிடைக்கின்றன. ஏ கம்பியிலிருந்து டி கம்பிக்குத் தாவும் இடத்தில் குரலின் நிறம் மாறுவது முதல் வாரத்தில் உறுத்தியது. அந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையே போய்வரும் மெதுவான சுரவரிசைகளை வில்லால் நாள்தோறும் கால் மணி நேரம் வாசித்து, டி கம்பியில் வில்லின் எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்ட பிறகு, கண்ணை மூடிக் கேட்ட நண்பரால் மாறும் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியவில்லை.